நான் இறங்காத கிணறு

கொழும்பு றேடியோவிலிருந்து கடிதம் வந்தபோது எனக்குப் பத்து வயது. அந்தக் காலத்துச் சிறுவர் நிகழ்ச்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் றேடியோ உள்ள வீட்டு முற்றத்தில் போய்க் குந்தியிருந்து கேட்டிருப்பீர்கள். ஒரு பிள்ளை பாடும், இன்னொன்று கதை சொல்லும், கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு வயிறு எரியும். அந்த நிகழ்ச்சிக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏனென்றால் அப்போது எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் நான் ஒரு வீரச் சிறுமி. கிணற்றில் விழுந்த நாலு வயதுத் தம்பியைக் கயிற்றில் இறங்கித் தூக்கியவள் என்று பேப்பரில் ஐந்து வரி வந்திருந்தது.

நான் கிணற்றில் இறங்கவேயில்லை.

கடிதத்தை மாமாதான் கொண்டுவந்தார். அம்மாவின் ஒரே அண்ணர். அப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்து வருசத்துக்கு இரண்டு தரம் வந்து போவார். மிச்ச நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கும் மாமாதான் பெரியவர். கிராமச் சங்கத்திலும் அவர்தான், கோயில் மனேச்சரும் அவர்தான். கதிரையில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தைப் பலத்து வாசித்தார். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அடுத்த மாதம் யாழ்ப்பாணப் பக்கம் வருகிறார்களாம். சரவணைக்கும் வந்து பள்ளிக்கூடத்தில் வைத்து என்னோடு பேட்டி எடுப்பார்களாம்.

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"வேண்டாம் அண்ணை," என்றார் அம்மா, வெளியே வராமலே.

"இனி வேண்டாமெண்டு என்னெண்டு எழுதுறது? ஏனெண்டு கேட்பாங்கள். என்ன சொல்லுறது?"

கொஞ்ச நேரத்தில் திருவலைச் சத்தம் திரும்பவும் தொடங்கியது, முந்தியதைவிட வேகமாக.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணிக் கிணறு. தீவில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்து வளவுகளிலெல்லாம் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணிதான். சொந்தக்காரர் ஏழெட்டு வீடு எங்கள் கிணற்றில்தான் குடிக்க அள்ளியது. கோயில் அபிஷேகத்துக்கும் இங்கேயிருந்துதான் தண்ணி போனது. எங்கள் பனங்காணிக்குள் குடியிருந்து, பனையேறிக் கள் இறக்குகிற சீவல்காரரின் மனைவியும் ஒவ்வொரு நாளும் குடத்தோடு வருவார். ஆனால் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது, துலாக் கயிற்றைத் தொடக்கூடாது. அவர்களின் சாதிக்கு அதுதான் முறை என்று வைத்திருந்தார்கள். கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது அள்ளி ஊற்றினால் தூக்கிக்கொண்டு போகலாம். அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நான் அவரை 'நீ' என்றுதான் கதைப்பேன். அவர் என்னை 'நீங்கள்' என்பார். அதில் ஒன்றும் பிழையிருப்பதாக எனக்குப் படவில்லை.

அன்று சனிக்கிழமை. அம்மா புகையிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். தம்பியைப் பார்க்கச் சொல்லி என்னிடம் விட்டிருந்தார். நான் மாமரத்தின் கீழே கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தேன், ஐந்து கல்லில் நாலைப் பிடித்தாயிற்று.

"பிள்ளை, எனக்குக் கொஞ்சம் ஊத்திவிடுங்கோவன்," என்றார், குடத்தோடு வந்து நின்ற சீவல்காரரின் மனைவி.

"பொறு."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் கேட்டார். "பொறு எண்டனெல்லே," என்றேன், நிமிர்ந்து பார்க்காமல்.

தம்பி துணி தோய்க்கிற கல்லில் ஏறிக் கிணற்றுக் கட்டில் வயிற்றை வைத்து உள்ளே எட்டிப் பார்த்ததை நான் காணவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். பெரிய சத்தமில்லை. நிறைந்த வாளி கை தவறி விழுகிற மாதிரி ஒரு சத்தம். நான் எழும்பி நின்றேன், அவ்வளவுதான். கால் அசையவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அவர் என்னைக் கடந்து ஓடினார். கட்டில் ஏறினார். துலாக் கயிற்றைப் பிடித்தபடி உள்ளே இறங்கியதைக் கண்டேன். பிறகு தலை மறைந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாளிக்குள்ளை வைச்சிட்டன்! கயித்தை இழடி! இழு!"

அந்தச் சாதியில் ஒருவர் என்னை 'அடி' என்றது அதுதான் முதல் தரம். அதுதான் என்னை அசைத்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். துலாவின் பாரமே வாளியைத் தூக்கியது. நான் அதைக் கட்டுக்கு இழுத்துத் தம்பியை வெளியே எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். தம்பி தண்ணியாகச் சத்தி எடுத்து, பிறகு கத்தத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் அவர் கல்லிடுக்குகளில் கால் வைத்து ஏறி வந்தார். வலது பாதம் பிளந்து இரத்தம் ஓடியது. சீலை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் அவருக்குப் பிள்ளை வயிற்றில் என்று நான் கவனித்தேன்.

அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தது சரியாக அந்த நேரம். கட்டில் நின்ற அவரைக் கண்டார், என் மடியில் கிடந்த தம்பியைக் கண்டார். முதலில் எதற்குக் கத்துவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

நான் உடனே எழும்பி அவருக்குத் தண்ணி ஊற்றியிருந்தால் அவர் போயிருப்பார். தம்பி செத்திருப்பான். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மாமா வந்து எல்லாவற்றையும் கேட்டார். கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்தப் பெண் இறங்கிய கிணறென்று தெரிந்தால் கோயிலுக்குத் தண்ணி எடுக்க விடமாட்டார்கள். சொந்தக்காரர் ஒருவரும் வாய் வைக்கமாட்டார்கள்.

"வேறை ஆர் கண்டது?"

"ஒருத்தருமில்லை," என்றார் அம்மா.

"அப்ப இவள்தான் இறங்கினவள்."

என்னைக் காட்டித்தான் சொன்னார். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை. சேறு கலங்கிவிட்டதென்று ஊருக்குச் சொல்லி இரண்டு நாள் கிணற்றை இறைப்பித்தார். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துத் தன் கையாலேயே மஞ்சள் கரைத்து ஊற்றினார். சீவல்காரரைக் கூப்பிட்டு ஏதோ கதைத்தார். அம்மா அந்தப் பெண்ணுக்கு ஒரு புதுச் சீலையும் அரிசியும் கொடுத்தனுப்பி, "கொஞ்ச நாளைக்கு இங்காலை வராதை, ஆக்கள் கதைக்குங்கள்," என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் காலில் துணி சுற்றிக்கொண்டு, கடற்கரைப் பக்கத்துச் சவர்க் கிணற்றுக்கு நடந்தார்.

மாமா நினைத்தது ஊரோடு முடியுமென்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டினார்கள். பேப்பருக்குச் செய்தி அனுப்புகிற ஒருவர் வந்து கேட்டபோது மாமாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பேப்பரில் வந்த பிறகு அவருக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். 'கிராமச் சங்கத் தலைவரின் மருமகள்' என்று ஐந்து வரியில் ஒரு வரி அதற்காகவே இருந்தது.

பிறகு றேடியோக் கடிதம்.

ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் மாமா கேள்வியும் பதிலும் எழுதினார். கேள்வி சிவப்பு மையில், பதில் நீல மையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவர் வீட்டு விறாந்தையில் நிற்கவேண்டும். செம்பு ஒன்றைக் கவிழ்த்து மேசையில் வைப்பார். அதுதான் மைக். அதற்கு ஒரு சாண் தள்ளி வாயை வைத்துக் கதைக்க வேண்டும்.

"அந்தக் கணத்தில் உமது உள்ளத்தில் எழுந்த எண்ணம் யாது?"

"என் உயிரைத் துச்சமாக மதித்து, என் அருமைத் தம்பியைக் காப்பதே என் கடமை எனக் கருதினேன்."

"துச்சமாக எண்டு சொல்லேக்கை குரலை உயர்த்து. திரும்ப."

குரலுக்காகத் தயிர் இல்லை, மாங்காய் இல்லை. விடிய வெறுவயிற்றில் நல்லெண்ணெயில் அடித்த முட்டை. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள்; றேடியோவில் சட்டை தெரியாதே என்று நான் கேட்டதற்கு மாமி, "வந்து நிக்கிற சனத்துக்குத் தெரியுமெல்லே," என்றார். தம்பிக்கும் பாடம் நடந்தது. 'உன்னை ஆர் தூக்கினது?' என்று மாமா கேட்பார். 'அக்கா' என்றால் ஒரு தோடம்பழ இனிப்பு. முதல் நாட்களில் அவன் பனங்காணிப் பக்கம் கையை நீட்டினான். இரண்டு கிழமையில் அதை மறந்துவிட்டான். அவன் மறந்த நாள் எனக்குத் தெரியும். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். உண்மையாகவே நான் தூக்கியவள் என்று நம்பிய சிரிப்பு. நான் எழும்பிக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

பதில்கள் எல்லாம் பாடமாகியிருந்தன, அதனால்தான் பயம் கூடியது. இருபத்தாறு பதில்களிலும் ஒரு பொய்யான தண்ணி கிடந்தது. யாராவது உள்ளே கையைவிட்டு அளந்தால் அடி தட்டிவிடும்.

ஒருநாள் மாமாவே அளந்தார். கொப்பியில் இல்லாத கேள்வி.

"கிணத்துக்குள்ளை என்னெண்டு இருந்தது? அவங்கள் கேட்டாலும் கேப்பாங்கள்."

"இருட்டு..."

"பிறகு?"

"தண்ணி..."

"கிணத்திலை தண்ணி இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். யோசி. நாளைக்குச் சொல்லவேணும்."

யோசித்தேன். கிணற்றுக் கட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். மேலேயிருந்து பார்க்கிறவளுக்குத் தெரிவதுதான் தெரிந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வருகிற வழியில் பனங்காணிக்குள் திரும்பினேன்.

அவர் குடிசை வாசலில் காலை நீட்டிக்கொண்டிருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார். பாதத்தில் இன்னும் துணி. பக்கத்தில் ஒரு குடம் சவர்த் தண்ணி. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இரு," என்றேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீ கிணத்துக்குள்ளை என்ன கண்டனி?"

"ஏன் பிள்ளை?"

"றேடியோவிலை கேப்பினமாம்."

அவர் முதலில் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். என்னை வையப்போகிறார் என்று நினைத்தேன். வைதால் நல்லது என்றும் இருந்தது. அவர் ஓலையைக் கீழே வைத்தார்.

"கீழை போகப் போகக் குளிர் பிள்ளை. கல்லெல்லாம் பாசி, கால் நிக்காது. மேலை பாத்தன், வானம் ஒரு சுளகளவுதான். தம்பியைக் காணேல்லை. தண்ணி கலங்கிக் கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளுக்குப் போனன். கையாலை தடவினன். அவன்ரை சட்டை ஒரு கல்லிலை கொழுவிக் கிடந்தது. இழுத்தன், வரேல்லை. பிறகு கிழிச்சன்." அவர் மூச்சு விட்டார். "நெஞ்சோடை சேத்துப் பிடிச்சவுடனை உதைக்கத் தொடங்கினான். அந்த நேரம் பாத்து வயித்துக்குள்ளையும் பிள்ளை உதைச்சுது. வெளியிலை உதைக்கிறவன் ஆர், உள்ளுக்கு உதைக்கிறவன் ஆரெண்டு எனக்கு விளங்கேல்லை."

நான் மூச்சுவிடாமல் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கிணறு எனக்குள் வந்துவிட்டது. இனி நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லலாம் என்று ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. அதை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது.

புறப்படும்போது கையைப் பிடித்தார். தொட்டது பிழை என்று நினைத்தாரோ என்னவோ, உடனே விட்டார்.

"பிள்ளை, நான் இறங்கினதெண்டு எங்கேயும் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் இருக்கிறது உங்கடை காணி. அவர் ஏறுறது உங்கடை ஆக்களின்ரை மரம்."

"சொல்லமாட்டன்," என்றேன்.

றேடியோக்காரர் வந்த நாள் பள்ளிக்கூட வளவு நிறையச் சனம். வண்டியிலிருந்து ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். திறந்தால் உள்ளே இரண்டு சில்லு, நடுவே மண்ணிற நாடா. அதிபரின் அறைக்குள் வைத்தார்கள். காகச் சத்தம் விழுமென்று யன்னல்களைச் சாத்தினார்கள். வெக்கையில் என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. மாமி இழுத்துப் பின்னிய பின்னலில் நெற்றித் தோல் விறைத்தது. மாமா அறை மூலையில் கதிரை போட்டுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் தம்பியோடு நின்றார்.

பேட்டி எடுக்கிறவர் கண்ணாடி போட்ட ஒரு பெண். எல்லாப் பிள்ளைகளும் அவரை றேடியோ அக்கா என்றார்கள். மெதுவாகக் கதைத்தார்.

"பயப்பிடாதையும். என்னோடை கதைக்கிற மாதிரிக் கதையும், சரியா?"

சில்லுகள் சுழலத் தொடங்கின. பேர், வகுப்பு, ஊர். பிறகு முதல் கேள்வி. நான் 'துச்சமாக' என்று குரலை உயர்த்தினேன். மூலையில் மாமாவின் தலை ஆடியது. அவரின் உதடும் என் பதிலோடு சேர்ந்து அசைந்தது. நாலைந்து பதில் அப்படியே ஒப்பித்தேன்.

றேடியோ அக்கா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். மெசினை நிறுத்தவில்லை.

"இதெல்லாம் ஆரோ எழுதித் தந்தது, என்ன? அதை விடும். கிணத்துக்குள்ளை இறங்கினீர். அங்கை என்ன இருந்தது? உமக்குச் சொல்ல வாறபடி சொல்லும்."

நான் மாமாவைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன். "கீழை போகப் போகக் குளிர்," என்று தொடங்கினேன். பாசி வந்தது, சுளகளவு வானம் வந்தது. அறையில் ஒரு சத்தமில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. சட்டை கல்லில் கொழுவியதைச் சொன்னேன். கிழித்ததைச் சொன்னேன். "நெஞ்சோடை சேத்துப் பிடிச்சவுடனை உதைக்கத் தொடங்கினான். அந்த நேரம் பாத்து வயித்துக்குள்ளையும் பிள்ளை உதைச்சுது. வெளியிலை உதைக்கிறவன் ஆர், உள்ளுக்கு—"

அங்கே நின்றுவிட்டேன்.

சில்லுகள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணைத் திறந்தபோது றேடியோ அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கொப்பி நிலத்தில் விழுந்தது. வாசலில் அம்மா தம்பியின் தலையைத் தன் சீலைக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கதிரைச் சத்தம் பதிவாகுது," என்றார் றேடியோ அக்கா மாமாவிடம். "தயவு செய்து எல்லாரும் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

"பிள்ளை களைச்சுப் போனாள். ஏதோ பிசத்துறாள்—"

"ஓம் ஐயா. அதுதான். கொஞ்ச நேரம்."

கதவு சாத்தப்பட்டது. மெசினை நிறுத்தச் சொன்னார். பிறகு எனக்கு முன்னால் குந்தி இருந்தார்.

"ஆர் இறங்கினது?"

"சொல்லேலாது."

"ஏன்?"

"அவ சொல்லவேண்டாமெண்டவ."

"ஏன் வேண்டாமெண்டவ?"

"அவ அந்தக் கிணத்திலை ஏறக்கூடாது," என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவருக்கு அது போதும். நெடுகக் கேட்கவில்லை. கைலேஞ்சியால் என் முகத்தைத் துடைத்தார்.

"நீர் என்ன செய்தனீர்?"

"வாளியை இழுத்தனான்."

"சரி. ஒரு பாட்டுத் தெரியுமோ? பாடும்."

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பாட்டைப் பாடினேன். மூக்கடைத்த குரலில், இரண்டு அடி மாற்றி. வெளியே வந்தபோது மாமா என் தோளைப் பிடித்து அமத்தி, "என்ன கேட்டவ? என்ன சொன்னனீ?" என்றார். "பாட்டு," என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. றேடியோ அக்கா அவரைக் கும்பிட்டு, எல்லாம் நல்லாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஒலிபரப்புக்கு இரண்டு ஞாயிறு இருந்தன. அந்த இரண்டு கிழமை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அம்மா என்னைக் கேட்டது ஒரே ஒரு தரம். தலை வாரும்போது பின்னாலிருந்து: "அவளிட்டைப் போனனியோ?" ஓம் என்றேன். சீப்பு நின்றது, பிறகு ஓடியது.

அந்த ஞாயிறு மாமா வீட்டில் றேடியோவை யன்னலில் வைத்து முற்றத்துக்குத் திருப்பியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒழுங்கையிலும் ஆட்கள். அங்கே சீவல்காரரும் மனைவியும் நின்றதைக் கண்டேன். இரண்டு பிள்ளைகள் பாடி, ஒருவர் விடுகதை போட்ட பிறகு, றேடியோ அக்காவின் மெதுவான குரல் வந்தது.

யாழ்ப்பாணத் தீவொன்றில் நாலு வயதுச் சிறுவன் கிணற்றில் விழுந்ததையும், ஒரு கர்ப்பிணிப் பெண் தன் நிலையைப் பாராமல் இறங்கி அவனைத் தூக்கியதையும் சொன்னார். 'அந்தத் தாயின் பெயரை எங்களால் சொல்ல முடியவில்லை. மேலே நின்று வாளியை இழுத்த சிறுவனின் அக்கா, இப்போது அவருக்காகப் பாடுகிறாள்' என்றார்.

என் குரல் தொடங்கி ஒரு அடி போயிருக்காது, மாமா எழும்பி றேடியோவை மூடினார். முற்றத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பின. அந்த வயிற்றோடு எங்கள் கிணற்றடிக்கு வந்துபோனவர் ஊரில் ஒருவர்தான். சீவல்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் நொண்டி நொண்டிப் பின்னால் போனார்.

அன்று பொழுது படமுன்பே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைத் தேடவேயில்லை.

"நாளைக்கே அதுகளைக் காணியை விட்டு எழும்பச் சொல்லு."

"ஏன் அண்ணை?"

"ஏனோ? என்ரை முகத்திலை கரி பூசினதுக்கு."

"என்ரை பிள்ளையைத் தூக்கினதுக்கு," என்றார் அம்மா. "அது எனக்குத் தந்த சீதனக் காணி. அவை அங்கைதான் இருப்பினம்."

மாமா போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருசம் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

கோயிலுக்குத் தண்ணி எடுப்பது அடுத்த நாளே நின்றது. சொந்தக்காரரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கிணற்றடி வெறிச்சோடியது. அம்மா சீவல்காரரின் மனைவியைக் கூப்பிட்டு வரச் சொன்னார். முதலில் அம்மாவே அள்ளி ஊற்றினார், முந்திய மாதிரியே உயரத்தில் இருந்து. பிள்ளை பிறந்து அவர் திரும்ப வரத் தொடங்கியபோது அம்மாவுக்குக் காய்ச்சல், நான் பள்ளிக்கூடத்தில். வந்து பார்த்தபோது அவரே கிணற்றுக் கட்டில் ஏறி அள்ளிக்கொண்டிருந்தார். அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பங்குனி வெய்யிலில் மற்றக் கிணறுகள் வற்றியபோது முதலில் வந்தவர் மாமி. குடத்தோடு வந்து, கிணற்றுக் கட்டில் நிற்கிறவரைக் கண்டு நின்றார். சீவல்காரரின் மனைவி உடனே கயிற்றை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தார்.

"நீ அள்ளி முடி," என்றார் அம்மா. "அவ நிக்கட்டும்."

மாமி சற்று நேரம் நின்றார். பிறகு வெறுங்குடத்தோடு திரும்பிப் போய்விட்டார். அம்மாவை அன்று எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. இப்போது யோசிக்கும்போது, கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமியோடு இருந்த மனத்தாங்கலும் அதில் பாதியாவது இருந்தது என்று தெரிகிறது.

இதையெல்லாம் நான் வெற்றியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வளவுக்கு வெளியே நடந்ததைப் பார்க்கவில்லை. சீவல்காரர் ஏறியது எங்கள் மரங்களில் மட்டுமல்ல. மாமாவின் மரங்கள், அவரோடு ஒத்த மற்றவர்களின் மரங்கள், எல்லாம் ஒவ்வொன்றாகச் சீவல்காரரிடமிருந்து போயின. எங்கள் காணியில் இருந்த பத்துப் பன்னிரண்டு பனையில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. அடுத்த ஆவணியில் வன்னிப் பக்கம் குடியேறப் போகிறார்கள் என்று அம்மா சொன்னார். அங்கே அவரின் தமையன் காடு வெட்டிக்கொண்டிருந்தாராம்.

போகிற அன்று சீவல்காரரின் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா குசினிக்குள் அவர்களுக்கு ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நானும் அவரும்தான். எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்வார் என்று.

"நான் உங்கடை பேரைச் சொல்லேல்லை," என்றேன். 'உங்கடை' என்று எப்போது மாறினேன் என்று நினைவில்லை.

அவர் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். கோபமில்லை அவர் முகத்தில். களைப்புத்தான்.

"நான் சொல்லவேண்டாமெண்டது பேரை மட்டுமில்லைப் பிள்ளை."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"முதல் நீங்கள் இறங்கினதெண்டு சொல்லிச்சினம். பிறகு நான் இறங்கினதெண்டு சொல்லிச்சினம். ரெண்டு தரமும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை." தம்பி மாமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவன் இருக்கிறான். எனக்கு அது காணும். போட்டு வாறன்."

அம்மா பனங்கிழங்கு ஒடியலும் பனங்கட்டியும் கட்டிய பொதியோடு வெளியே வந்தபோது படலையில் ஒருவருமில்லை. "கொண்டு ஓடு," என்று என் கையில் தந்தார். பஸ் நிற்கிற வங்களாவடி வரைக்கும் ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. பொதியோடு நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா அதை வாங்கி வைத்தார்.

இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கூடப் படிப்பித்த ரீச்சர்மாருக்கும், இப்போது ரொறொன்ரோவில் இருக்கிற தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் றேடியோவில் உண்மை வந்ததோடும், அம்மா மாமியை நிற்க வைத்ததோடும் முடித்துவிடுவேன். கேட்டவர்கள் என்னைப் பற்றி நல்லதாகத்தான் நினைத்தார்கள். அந்தப் பெண் போகிற அன்று முற்றத்தில் நின்று சொன்னதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதல் தரம் சொல்லுகிறேன்.